மலிவாக இறக்குமதி செய்ய முடியும்போது, இலங்கை ஏன் உணவைச் சொந்தமாக விளைவிக்க வேண்டும்?

"இந்திய வெங்காயம் மலிவாக வரும்போது யாழ்ப்பாணத்தில் கிணறு இறைத்துக் கூடிய செலவில் அதையே விளைவிப்பது வீண் வேலை இல்லையா?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். பொருளியல் படிக்கிற மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த வீண் வேலைதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இறக்குமதியே கூடாது என்கிற ஆள் இல்லை. காலையில் பாண், மத்தியானம் மைசூர்ப் பருப்புக் கறி என்று சாப்பிடுகிறோம். கோதுமையும் அந்தப் பருப்பும் கப்பலில்தான் வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டு நெல் குடாநாட்டுக்கே போதாது, தெற்கே இருக்கும் வன்னியின் நெல்லும் வரவேண்டும். எல்லாவற்றையும் நாங்களே விளைவிப்போம் என்று மேடையில் பேசுகிறவர்களை நானும் நம்புவதில்லை.

எங்கள் ஊர் உரும்பிராய், செம்மண் பூமி. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டிப்போட்டார்கள். ஐயா, அதாவது என் அப்பா, அப்போது இளம் ஆள். வாரத்துக்குச் செய்த தோட்டத்தில் நாலு பரப்பு நிலத்தைச் சொந்தமாக வாங்கியதும், இறைப்பு மெஷின் எடுத்ததும், நாங்கள் இன்றைக்கும் இருக்கிற கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டதும் அந்தக் காலத்தில்தான். வன்னியில் விசுவமடுப் பக்கம் மிளகாய் போட்டவர்கள் ட்ராக்டர் வாங்கினார்கள். இதை எழுதினால் உடனே யாராவது வந்து, அதே காலத்தில் பாணுக்கு விடிய விடிய வரிசை நின்ற கதை தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இருந்தது. தமிழ் மாணவருக்கு அனுமதிப் புள்ளியைக் கூட்டி, எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பை அடித்த தரப்படுத்தலும் அதே ஆட்சியில் வந்ததுதான். நான் அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்கவில்லை. தோட்டக்காரனுக்கு விலை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் சொல்கிறேன். 1977 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது, விலை விழுந்தது.

எனக்கு நினைவு தெரிந்த காலம் 1990 இல் தொடங்குகிறது. போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், யூரியா, சவர்க்காரம், பற்றறி எல்லாம் தடைப்பட்டியலில். மெஷின் ஓடாது. ஐயா கொட்டிலில் கிடந்த பழைய துலாவை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அந்த நீள மரத்தை, திரும்ப ஏற்றினார். அண்ணாவும் நானும் துலா மிதிப்போம், ஐயா தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடிப்பார், அம்மா பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். எனக்கு அப்போது பதினொரு வயது. உரத்துக்குப் பதிலாக ஆட்டெருவும் வெட்டித் தாழ்த்த பூவரசங்குழையும்.

அந்த வருடங்களில் எங்களிடம் வெங்காயத்துக்குக் குறையே இல்லை. கொழும்புக்கு அனுப்ப வழியில்லாமல் சந்தையில் கொட்டிக் கிடந்தது. சீனி இல்லை, பால்மா இல்லை. சனம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தது. அதனால்தான் தன்னிறைவு என்ற சொல்லை நான் லேசாக எடுப்பதில்லை. ஆனாலும் ஒன்று உண்மை. கையில் நிலமும் கிணறும் விதையும் இருந்தவன் அந்தக் காலத்தில் பட்டினி கிடக்கவில்லை. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் மரவள்ளியும் முருங்கையிலையும் இல்லாவிட்டால் இங்கே எத்தனை வீடு தப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விதையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் விதை என்பது வெங்காயமேதான். அறுவடையில் நல்லதைத் தெரிந்து, கட்டுக்கட்டாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கிவிட்டு, இரண்டு மூன்று மாதம் உறங்கவிட்டுத்தான் நடவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது, ஐயா சைக்கிள் கரியரில் இரண்டு கட்டு விதை வெங்காயத்தைக் கட்டினார். உடுப்பு மூட்டைக்கு இடமில்லை என்று அம்மா பேசினார். அவர் அவிழ்க்கவில்லை. செம்மணி வெளியில் மழைக்குள் ஆளோடு ஆள் நெரிபட்டு, கொடிகாமம் தாண்டி மிருசுவில் போய்ச் சேர்ந்தோம். அங்கே தெரிந்த ஒருவரிடம் ஒரு துண்டு நிலம் கேட்டு அந்த வெங்காயத்தை நட்டார். வெண்மணல், விளைச்சல் பெரிதாக இல்லை. ஆனால் 1996 இல் ஊர் திரும்பியபோது மூன்று கட்டு கொண்டுவந்தோம். வீட்டில் கதவு, யன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. கூரையைப் பார்க்க முதல் ஐயா தோட்டத்தைக் கொத்தினார்.

2002 இல், போரால் மூடிக்கிடந்த, வடக்கைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. இனி எங்கள் வெங்காயம் தம்புள்ளை மொத்தச் சந்தைக்கும் கொழும்புக்கும் போகும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். போனதுதான். ஆனால் எங்கள் அறுவடையும் இந்திய வெங்காயமும் ஒரே நேரத்தில் இறங்கிய வருடங்கள் வந்தன. அப்படியொரு வருடம் கிலோவுக்குக் கிடைத்த விலை கிண்டுகிற கூலிக்கே காணவில்லை. அடகில் இருந்த அம்மாவின் தாலிக்கொடிக்குத் தவணை முடிந்தது. ஐயா விதைக்குத் தூக்கியிருந்த வெங்காயத்தை இறக்கி விற்றார். செம்மணி தாண்டி அவர் கொண்டுபோய்க் கொண்டுவந்த விதையின் வழி அது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசில்லாமல் தோட்டம் தரிசாகக் கிடந்தது. அந்த வருடக் கடைசியில் கடையில் வெங்காயம் என்ன விலை விற்றது என்று கேட்காதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லாமல் போகமுடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் மன்னிக்கவும். எங்கள் சந்தைகளில் 'கழிவு' என்று நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைச் சும்மா வெட்டுகிறார்கள். அழுகல் இல்லை, மண் இல்லை, சுத்தமாகக் காயவிட்ட வெங்காயம். அதற்கும் பத்து. எதிர்த்துக் கேட்டால் அடுத்த நாள் உங்கள் மூட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இதைச் செய்வது கொழும்பும் இல்லை, டெல்லியும் இல்லை. எங்கள் ஆட்களேதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்கிறீர்கள். எத்தனை நாளைக்கு? 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. தங்கள் சனத்துக்குத்தான் முதலில் என்று அவர்கள் நினைத்தது நியாயம். இங்கே விலை துள்ளியது. 2022 இல் டொலர் இல்லாமல் பால்மா காணாமல் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மறுபக்கமும் உண்டு. இங்கே விளைவிக்கவும் உரமும் எண்ணெயும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். 2021 இல் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியது, நவம்பரில் திரும்ப விட்டது. இடையில் போன போகம் போனதுதான். இங்கே கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது, உரத்தைக் குறைக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் குறைக்கிற சாமான் இல்லை அது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. இப்போது தோட்டம் செய்கிற அண்ணா அந்தப் போகம் பாதி நிலத்தை விட்டுவிட்டார்.

ஆகவே வெங்காயத்தை இறக்கலாமா கூடாதா என்பது எனக்குப் பெரிய வழக்கு இல்லை. எப்போது இறக்குகிறார்கள் என்பதுதான் வழக்கு. எங்களுக்குக் கையிருப்பு முடிகிற மாதங்களில் இறக்கட்டும். அறுவடை மாதங்களில் வரியைக் கூட்டி வைக்கட்டும். அந்த வரி எவ்வளவு என்பதை நடுகைக்கு முதலே சொல்லட்டும். எத்தனை பரப்பு நடுவது என்று அண்ணா அதைப் பார்த்து முடிவு செய்வார். சந்தையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்லக்கூடும். வெங்காயம் கிண்டுகிற கிழமையில் இறக்குமதி வரியைக் குறைத்தால், அதற்கு என்ன பெயர்?