ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 41. நாலு வருடமாக உடம்பு முழுக்க வலி. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் தூங்காதவள் மாதிரிதான் எழுந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாமே நார்மல். போன வருடம் மதுரையில் ஒரு வாதநோய் நிபுணர், இது 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று சொல்லி டுலாக்செடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் அதை கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, "இது டிப்ரஷன் மாத்திரை. அப்போ எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்கிறார். மாமியார், "நாங்கல்லாம் நாலு பிள்ளை பெத்துட்டு வயக்காட்டு வேலையும் பாத்தோம்" என்கிறார். வலி என்று சொன்னால் புலம்பல். சொல்லாவிட்டால், "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கா". 14 வயது மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள். அவளிடமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். அது சரியா என்று தெரியவில்லை. சில நாள், காலையில் கண் விழிக்காமலே போயிருக்கலாமே என்று தோன்றுகிறது.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

போகிற போக்கில் எழுதியது போல வைத்திருக்கிறீர்களே அந்தக் கடைசி வரி, அதை முதலில் பேசிவிடுவோம். ஓயாத வலியோடு இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல், இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றுவதா, மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்ப்பதா என்று அவர் முடிவு செய்ய இது தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணம் வலுத்தால், நடுராத்திரியாக இருந்தாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஏதாவது செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டால் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்து அந்த மாத்திரை. டுலாக்செடின் மன அழுத்தத்துக்கும் தருகிற மருந்து என்பதுவரை உங்கள் கணவர் படித்தது சரி. அவர் படிக்காமல் விட்டது மிச்சப் பாதி. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புகள் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்களைக் கொண்டுதான் வேலை செய்கின்றன. அவற்றைத்தான் இந்த மருந்து கூட்டிக் கொடுக்கிறது. சர்க்கரை நோயால் கால் நரம்பு எரிகிறவர்களுக்கும் இதையே தருகிறார்கள். அமெரிக்காவில் 2008-லேயே ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று இதை அனுமதித்துவிட்டார்கள். வீட்டில் சொல்கிறார்களே என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல் என்று வேறு தொல்லைகள் வரும்.

ரிப்போர்ட் நார்மலாக வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அதில்தான் நிற்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்ய வழக்கமான ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. இதே மாதிரி வலிக்கிற வேறு நோய்கள் இல்லை என்று பார்க்கத்தான் அத்தனை டெஸ்ட்டும். மூன்று மாதத்துக்கு மேல் உடம்பின் பல இடங்களில் வலி, தூங்கியும் தீராத அசதி, மறதி, கவனமின்மை என்று நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் டாக்டர் இதைக் கண்டுபிடிக்கிறார். ஆக, நீங்கள் சொல்வதுதான் ரிப்போர்ட். வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது. மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டதை நீங்கள் தினமும் அடுப்படியில் நின்று நிரூபித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. வலியைவிட அதுதான் உங்களை அதிகம் களைக்க வைக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நிரூபிக்கிற பொறுப்பை டாக்டரிடம் கொடுங்கள். அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல், உள்ளேயே. "இவளுக்கு நிஜமாவே வலி இருக்கா, இந்த மாத்திரை எதுக்கு, வீட்ல நான் என்ன செய்யணும்" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். மனைவி நாலு வருடம் சொன்னதை நம்பாதவர், டாக்டர் நாலு நிமிடம் சொன்னதும் நம்பினால் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். ஆனாலும் அந்த நம்பிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவரிடம் எதையும் திட்டவட்டமாகக் கேளுங்கள். "என்னைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க" என்றால் பல ஆண்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது, எரிச்சல்தான் வரும். "ராத்திரிப் பாத்திரம் இனிமே நீங்க தேய்ச்சிடுங்க, நான் ஒன்பது மணிக்குப் படுக்கணும்" என்றால் தெரியும். "வைத்தியம் எதுவும் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் நான் பேசுறதை மட்டும் கேளுங்க" என்றாலும் தெரியும். வலியைப் பத்துக்கு எத்தனை என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். "இன்னிக்கு ஏழு" என்றால், விளக்கம் கேட்காமல் அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எண் குறைவாக இருக்கிற நாளிலும் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில கணவர்கள் மனம் மாறியதும், "நீ எதையும் தொடாதே" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். பார்க்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் அசையாமல் படுத்திருந்தால் இந்த நோய் கூடத்தான் செய்யும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட பரிந்துரையில், மற்ற எந்தச் சிகிச்சையையும்விட உடற்பயிற்சியைத்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். அதனால் அவரிடம் சாயங்காலம் உங்களோடு நடக்க வரச் சொல்லுங்கள். முதலில் தெரு முனை வரை போதும், வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். துணைக்குத் துணை, மருந்துக்கு மருந்து. அதே மாதிரி, வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் வாரத் துணி முழுக்கத் துவைத்து வீட்டையும் கழுவிவிட்டு, திங்கள் செவ்வாய் எழ முடியாமல் கிடப்பது ஆகாது. நல்ல நாளிலும் பாதியில் நிறுத்துங்கள்.

எல்லா ஆறுதலையும் கணவர் ஒருவரிடமே எதிர்பார்க்கவும் வேண்டாம். பள்ளியில் நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் சொல்லி வையுங்கள். மாடி வகுப்பை மாற்றித் தரத் தலைமையாசிரியரிடம் உங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். இதே வலி உள்ள இன்னொருவர் கிடைத்தால் பெரிய பலம், ஏனென்றால் அவரிடம் விளக்கவே வேண்டியதில்லை. அப்படிச் சேர்கிற இடத்தில் எண்ணெயும் லேகியமும் விற்க ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். உளவியல் ஆலோசகரிடம் போனால் "பார்த்தியா, மனசுலதான்" என்பார்களே என்று தயங்காதீர்கள். வலியோடு வாழப் பழக்குகிற பேச்சு சிகிச்சை உண்டு, அதுவும் வலிக்கான வைத்தியம்தான். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால், அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் பிரிவில் கேளுங்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். வயல் வேலை பார்த்த உடம்பு, அவருக்கும் முழங்காலோ முதுகோ வலிக்காமல் இருக்காது. ஒரு நாள் உட்கார்ந்து அதைக் கேளுங்கள். அவருடைய வலியையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மகளைப் பற்றி உங்களுக்கே ஒரு உறுத்தல் இருக்கிறது. அது சரியான உறுத்தல்தான். அவளிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள், இதனால் உயிருக்கு ஆபத்தில்லை, இது உன்னால் வந்ததும் இல்லை என்று சொல்லுங்கள். குழந்தைகள் கேட்காமலே பயப்படுவது அந்த இரண்டுக்கும்தான். இன்றைய எண் என்ன என்பதும் அவளுக்குத் தெரியலாம். அப்பா மேல் உள்ள கோபம், பாட்டி சொன்னது, காலையில் தோன்றுகிற அந்த எண்ணம், இவையெல்லாம் அவளிடம் போக வேண்டாம். அவற்றை டாக்டரிடமும் 14416-லும் அந்த டீச்சரிடமும் கொட்டுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, "என்னம்மா, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டால் மறைக்காதீர்கள். "ஆமாம்டா, இன்னிக்கு ஏழு. டாக்டர்கிட்ட பேசியிருக்கேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். நீ போய்ப் படி."