குடும்பத் தலைவர், வயது நான்கு மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினியாபொலிஸில் வேலை பார்க்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து குறைந்த செலவில் ஒரு படம் எடுக்கத் திரைக்கதை எழுதியிருக்கிறேன், இணைத்துள்ளேன். 1982இல் தென் கொரியாவில் பிறந்து, மினசோட்டாவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் தத்து வந்த பெண்ணின் கதை. நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தம்பி டிஎன்ஏ சோதனைப் பெட்டி ஒன்றைப் பரிசளிக்கிறான். மூன்றே வாரத்தில் பெற்ற அம்மா கிடைத்துவிடுகிறாள். சியோல் விமான நிலையத்தில் கிம்ச்சி (கொரிய ஊறுகாய்) ஜாடி உடைகிறது. சிரிப்பும் அழுகையும் கலந்த படம். இந்த வலியைச் சிரிப்பாக எடுக்கலாமா? நமக்கு அந்த உரிமை உண்டா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உரிமைக் கேள்வியை விடுங்கள். விஷயம் தெரிந்தவர் எழுதலாம், அவ்வளவுதான். சிரிக்கவும் செய்யலாம். ஆனால் நீங்கள் சிரிப்பைத் தேடிப்போன இடம் தப்பு. இந்தக் கதையின் சிரிப்பெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் திரைக்கதையிலோ ஒரு காகிதம்கூட இல்லை.

அன்று அமெரிக்க விசாவுக்குக் குழந்தை அனாதை என்று காட்டியாக வேண்டியிருந்தது. அதனால், தாய் உயிரோடு இருந்தாலும், அவள் முகவரி தெரிந்திருந்தாலும், பல குழந்தைகளுக்குத் தனியாக ஓர் 'அனாதைப் பதிவேடு' திறந்தார்கள். 2008இல் ஒழிக்கப்பட்ட ஹோஜுக் என்ற கொரியக் குடும்பப் பதிவேட்டில் தலைவர் இல்லாமல் குடும்பம் கிடையாது. தகப்பன்: தெரியாது. தாய்: தெரியாது. குடும்பத் தலைவர்: நான்கு மாதக் குழந்தை. உறுப்பினர்கள்: அதே குழந்தை. பெயரும் பூர்வீக ஊரும் பெரும்பாலும் அலுவலகத்தில் யாரோ எழுதிக்கொடுத்தவை. நீங்கள் எத்தனை ஜாடி உடைத்தாலும் இந்தச் சிரிப்பு வராது.

1985இல் மட்டும் 8,800க்கும் அதிகமான குழந்தைகளைக் கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பினார்கள். நாளொன்றுக்கு 24 பேர். அந்த வேகத்தில் என்ன நடக்கும்? பயணத்துக்கு முன் ஒரு குழந்தை இறந்துபோகும், அல்லது உறவினர் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். தயாராக இருக்கும் காகிதத்தில் இன்னொரு குழந்தை ஏறிவிடும். 2025 மார்ச்சில் கொரிய அரசின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே இதையெல்லாம் ஒப்புக்கொண்டது. ஆக, உங்கள் நாயகி தேடுகிற அம்மா அவளுடைய அம்மாதானா என்பதே சந்தேகம்.

இப்போது உங்கள் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். இரண்டாம் பகுதியில் அவள் சியோலுக்கு விமானம் ஏறுகிறாள். எந்தப் பாஸ்போர்ட்டில்? அந்தக் காலத்தில் தத்தெடுக்கும் பெற்றோர் கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. துணைக்கு ஒருவரோடு குழந்தை வந்து இறங்கும். பிறகு மாநில நீதிமன்றத்தில் தத்து முடியும். புதுப் பெயரில் பிறப்புச் சான்றிதழும் வரும். பல பெற்றோர் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். குடியுரிமைக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். போடாமல் விட்டவர்கள் நிறைய. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைத் தானாகவே கொடுத்தது, ஆனால் அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். உங்கள் நாயகி 1982இல் பிறந்தவள். அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. விண்ணப்பம் போடவில்லை என்றால் இன்றுவரை அவள் அமெரிக்கக் குடிமகள் இல்லை! ஓட்டுநர் உரிமம் இருக்கும், வரி கட்டியிருப்பாள், பாஸ்போர்ட் கேட்கும் நாளில்தான் வெடிக்கும். பழைய குற்ற வழக்கில் தண்டனை ஏதாவது இருந்தால், 1996 குடியேற்றச் சட்டத்தின்படி நாடுகடத்தவும் முடியும். அப்படிக் கொரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மொழி ஒரு வார்த்தை தெரியாமல்.

வளர்த்த அம்மாவை முட்டாளாக எழுதியிருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. பிள்ளையைக் கோடைதோறும் கொரியக் கலாச்சார முகாமுக்கு ஓட்டிப்போன அம்மா அவள். மினசோட்டாவில் அப்படி ஏராளமானவர்கள் உண்டு. செருப்புப் பெட்டியில் தடுப்பூசி அட்டை, விமான நிலையத்தில் எடுத்த முதல் போட்டோ, குழந்தையின் கைப்பட்டி எல்லாம் பத்திரமாக வைத்திருப்பாள். அந்த ஒரு விண்ணப்பத்தின் நகல் மட்டும் இருக்காது. எழுபது வயதில் அவள் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடட்டும். மகள் படியில் உட்கார்ந்து பார்க்கட்டும். எழுதத் தெரிந்தால் பத்து நிமிடக் காட்சி இது.

மூன்று வாரம் என்பதையும் அழித்துவிடுங்கள். அமெரிக்கச் சோதனைப் பெட்டியில் எச்சில் துப்பும் கொரிய அம்மாக்கள் மிகக் குறைவு. ஓஹையோவில் ஒரு தூரத்துச் சகோதரன் கிடைப்பான், அவனும் தத்துப் பிள்ளையாக இருப்பான். முறையான வழி வேறு. முதலில் சியோலிலுள்ள குழந்தை உரிமைகளுக்கான தேசிய மையத்தில் பதிவுக் கோப்பு கேட்க வேண்டும். தாயின் முகவரி கோப்பில் இருந்தாலும் அவள் சம்மதம் இல்லாமல் தர மாட்டார்கள். அஞ்சலில் கேட்பார்கள், புதுக் குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமே என்று அவள் பதில் போடாமலே இருக்கலாம். கோப்பில் ஒன்றுமே இல்லையென்றால்தான் டிஎன்ஏ. அந்த மாதிரியைக் கொரியக் காவல்துறையின் பதிவோடு ஒப்பிடுவார்கள். 2020 முதல் வெளிநாட்டிலுள்ள கொரியத் தூதரகங்களிலும் கொடுக்கலாம்.

மினசோட்டாக்காரர்களுக்குச் சிகாகோ துணைத் தூதரகம். மினியாபொலிஸிலிருந்து காரில் ஆறு மணி நேரம். சியோலை வெட்டிவிட்டு இரண்டாம் பகுதி முழுவதையும் அந்தக் காருக்குள் எழுதுங்கள். ஓட்டுவது வளர்த்த அம்மா, பின்சீட்டில் பரிசு வாங்கித் தந்த தம்பி. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.