நண்பருக்காக வாங்கிய கண்ணாடி ஜாடிக்கு ஜப்பானில் உரிமம் வேண்டுமா?

கேள்வி: டோக்கியோவில், நிஷி-கசாயில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர் நான். பழைய ஜப்பானியக் கண்ணாடிக் கலைப்பொருட்கள் சேர்க்கிறேன். இவாதா தோஷிச்சி, அவர் மகன் ஹிசாதோஷி ஆகியோரின் ஜாடிகள் சில இருக்கின்றன. வீட்டில் இடமில்லாமல் சிலவற்றைச் செயலி வழியாக விற்றேன். அதைப் பார்த்துச் சென்னை, சிங்கப்பூர் நண்பர்கள் கேட்க, பழம்பொருள் சந்தையில் வாங்கி, சின்ன லாபம் வைத்து அனுப்புகிறேன். இதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். உண்மையா? வேண்டுமென்றால் மனைவி பெயரில் எடுக்கலாமா?

பதில்: அவர் சொன்னது பாதி சரி. நீங்கள் செய்வது இரண்டு வேறு காரியங்கள்.

ரசித்துப் பார்க்க வாங்கி, அப்புறம் இடம் போதாமல் விற்றவை உங்கள் சொந்தப் பொருட்கள். அவற்றை விற்க எந்த அனுமதியும் தேவையில்லை. நண்பர்களுக்காக வாங்கியவை அப்படியல்ல. விற்கும் எண்ணத்தோடு பழைய பொருளைத் தொடர்ந்து வாங்குவதும், பிறர் சொல்லி அவர்களுக்காகக் கூலி வைத்து வாங்கிக் கொடுப்பதும் 1949-ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகச் சட்டத்துக்குள் வரும். சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது என்பதால் விலக்கு இல்லை, வாங்குவது ஜப்பானில்தானே. உரிமம் இல்லாமல் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம்.

‘எல்லாமே என் சேகரிப்புதான்’ என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று நினைக்காதீர்கள். வாங்கும்போது மனதில் என்ன இருந்தது என்பதை உங்கள் செல்பேசியே சொல்லிவிடும். ‘நீல ஜாடி ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா?’ என்று சந்தைக் கடை முன்னால் நின்று படம் அனுப்பியிருப்பீர்கள். ஒரே மாதிரி நான்கு வாங்கி, மாதம் முடிவதற்குள் நான்கும் போயிருந்தால் சேகரிப்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

உரிமம் வாங்குவது பெரிய வேலை இல்லை. திருட்டுப் பொருள் கைமாறுவதைப் பிடிக்க வந்த சட்டம் என்பதால் விண்ணப்பம் உள்ளூர்க் காவல் நிலையத்தில். கட்டணம் 19,000 யென், சுமார் 40 நாள் ஆகும். கிடைத்தபின் உரிமத்தைக் காட்டும் ஒரு நீலத் தகட்டை, 8-க்கு 16 சென்டிமீட்டரில், மாட்ட வேண்டும். 10,000 யென்னும் அதற்கு மேலும் போகும் கொள்முதலில் விற்றவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜாடியைக் கவிழ்த்து, அடியில் கீறிய கையெழுத்தையும், செய்யும்போது அடியைப் பிடித்திருந்த இரும்புக் கோல் பிரிந்த தழும்பையும் பார்க்கிறீர்கள் அல்லவா? கலைஞரே மையால் எழுதிக் கொடுத்த மரப்பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த ஜாடி என்று பின்னால் சந்தேகம் வராது.

உண்மையான சிக்கல் விசா. பொறியாளர் விசாவில் இருப்பவர் தனியாக வியாபாரம் செய்து சம்பாதிக்கக் குடிவரவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். மீறினால், அதையே முழுநேரத் தொழிலாகச் செய்யாவிட்டாலும், ஓராண்டு வரை சிறையோ 20 லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. விசா நீட்டிப்பிலும் அது வந்து நிற்கும். உரிமத்துக்கு ஓடுவதற்கு முன் இதைத்தான் தீர்க்க வேண்டும்.

மனைவி பெயரில் எடுப்பது வேண்டவே வேண்டாம். அவர் சார்ந்திருப்போர் விசாவில் இருந்தால், வாரம் 28 மணி நேர அனுமதி என்பது சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கு; சொந்த வியாபாரத்துக்கு அவருக்கும் தனி அனுமதி வேண்டும். அதோடு, ஒருவர் பெயரில் உரிமம் வாங்கி இன்னொருவர் வியாபாரம் செய்வது தனிக் குற்றம். தண்டனையும் உரிமம் இல்லாததற்கு நிகரானதே.

ஆகவே நண்பர்களுக்கு வாங்குவதை இப்போதே நிறுத்துங்கள். ரசீதுகளை எடுத்துக்கொண்டு, குடிவரவு விஷயம் பார்க்கும் வழக்கறிஞரையோ அரசு விண்ணப்பங்களைத் தயாரித்துத் தரும் நிர்வாக ஆவண எழுத்தரையோ போய்ப் பாருங்கள். நிரந்தர வசிப்புரிமை பெறும் நிலையில் இருந்தால் அதுவரை பொறுப்பது உத்தமம். அதன்பின் விசாக் கட்டுப்பாடு இல்லை, உரிமம் மட்டும் போதும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பொருளை விற்ற லாபத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. ஆனால் கலைப்பொருள் ஒன்றின் விலை 3 லட்சம் யென்னைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது. கண்ணாடிக் கலைஞர் புஜிதா கியோஹேயின் தங்க ரேக்கு பதித்த அலங்காரப் பெட்டி மாதிரி ஏதாவது கையில் இருந்தால், விற்கும் முன் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். நண்பர்களிடம் வைத்த லாபம் வேறு கணக்கு: சம்பளம் தவிர்த்த வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் நீங்களே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால், வரி அலுவலகம் கேட்பதற்கு முன் செய்துவிடுங்கள்.