மழைத் தோட்டம் கொசுக் குளமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். பின்பக்கக் காலியிடத்தில் மழைத் தோட்டமும் (மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம்) நடைபாதைக்கு நீர் உறிஞ்சும் கற்களும் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். தண்ணீர் தேங்கிக் கொசு வரும், அஸ்திவாரம் இறங்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதலில் அங்கே குழி தோண்டிப் பாருங்கள். வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தில்தான் கட்டும்போது ஜல்லி கொட்டியிருப்பார்கள், கலவை போட்டிருப்பார்கள், லாரி ஏறி இறங்கியிருக்கும். கடைசியில் அரை அடி மண்ணைப் பரப்பிப் புல் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடித்தரை கல் மாதிரி இறுகிக் கிடக்கும். அனுமதி கொடுத்தவர்கள் தாளில் பச்சையைப் பார்த்தார்கள். மண்வெட்டியோடு யார் வந்தார்கள்?

ஒன்றரை அடிக் குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, அளவுகோலை நட்டுப் பாருங்கள். மணிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் சரி. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 2 நாளில் வற்றும் தண்ணீரில் அது வளராது.

களிமண் என்றால் கதை வேறு. தண்ணீர் அசையாமல் நிற்கும். அப்போது அடியில் ஜல்லியும் துளையிட்ட குழாயும் வைத்து வடிகாலில் சேர்க்க வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற களிமண்ணா? அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவரையும் சேர்த்து அசைக்கும். அங்கே கட்டடத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளிகூடப் போதாது. மண் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள். மற்ற மண்ணுக்கு 3 மீட்டர் தள்ளி அமைத்தால் போதும்.

உபரி நீருக்கு வழி மறக்காதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர்.

அப்புறம் அந்தக் கற்கள். ஓரிடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் முழுக்க கான்கிரீட்! கல் உறிஞ்சும் தண்ணீர் எங்கே போகும்? விற்பவருக்கு அந்தக் கவலை இல்லை, விலை மட்டும் இரட்டிப்பு. அடியில் தூசி சலித்த ஜல்லிதான் இருக்க வேண்டும். பதிக்கும் நாளில் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள். இடுக்குகளில் வண்டல் அடைத்தால் சுத்தம் செய்வது யார் வேலை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 'பத்தாண்டு உத்தரவாதம்' என்று நீட்டும் தாளில் இந்த வரி இருக்காது.

கடைசித் தவணையை, ஒரு கனமழை பெய்து இரண்டு நாள் கழித்து அந்த இடத்தைப் பார்த்த பிறகு கொடுங்கள்.