கடைசியாக வருகிறவருக்கு ஐந்து நிமிடம்

அன்புள்ள சார்,

கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. போன ஞாயிறு இங்குள்ள ஒரு மலைநடைக் குழுவோடு பென் லோமண்ட் ஏறினேன். மொத்தம் 14 பேர். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனது என் தவறுதான். உச்சியில் ஒரே மேகம், லோமண்ட் ஏரி கண்ணிலேயே படவில்லை. எனக்காக அங்கங்கே நின்றார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் நாள் முழுக்க யாரோ துரத்துவது போலவே இருந்தது. இயற்கையைத் தனியாகத்தானே அனுபவிக்க வேண்டும்? கூட்டமாக மலையேறுவதில் என்ன இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

முதலில் ஜீன்ஸுக்காகத் திட்டிவிடுகிறேன். நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் குடித்துவிடும். ஒன்றரை வருடமாக அந்த ஊர் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இதை நான் இங்கிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரி தெரியவில்லை என்ற புகாரை வாங்கி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் மலையுச்சியில் மேகம் என்பதெல்லாம் ஒரு செய்தியா?

தனிமையா கூட்டமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். 'எனக்காக நின்றார்கள், ஆனாலும் துரத்துவது போல இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பல வருடங்களாக எனக்குள் புகைந்துகொண்டிருக்கும் கோபம் அது.

நடப்பது இதுதான். முன்னால் போனவர்கள் ஒரு வேலிக்கதவருகே நிற்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள், சாக்லேட் தின்கிறார்கள், வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து நீங்கள் மூச்சிரைக்க வந்து சேர்கிறீர்கள். "ஒன்றும் சிரமமில்லையே?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு உடனே பையைத் தூக்கி மாட்டுகிறார்கள். ஒரு நாளில் இப்படி ஐந்து இடம் என்று வையுங்கள். வலுவான கால்களுக்கு 50 நிமிட ஓய்வு. நோகிற கால்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்குப் பெயர் உங்களுக்காகக் காத்திருந்தது! நீங்களும் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். சொன்னீர்களா இல்லையா? இதில் கெட்டவர் என்று ஒருவருமே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மலைக் கணக்கில் அந்த நாட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே ஒரு வாய்ப்பாடு சொல்லிவிட்டார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதில் உட்காருகிற நேரம் சேரவில்லை, அதை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். எப்போதிருந்து கூட்டுவது? கடைசி ஆள் வந்து பையை இறக்கி வைத்த நிமிடத்திலிருந்து. அதிலிருந்து ஐந்து நிமிடம் போதும். முன்னால் வந்தவர்களுக்குக் குளிருமே என்பார்கள். குளிரட்டும், மேலங்கி எதற்கு இருக்கிறது? இல்லையென்றால் கொஞ்சம் மெதுவாக நடக்கட்டும். 3000 அடிக்கு மேற்பட்ட மலைகள் இன்றைய பட்டியலில் 282, உங்கள் பென் லோமண்டும் அதில் ஒன்று. 1891-இல் அந்தப் பட்டியலை முதலில் வெளியிட்ட ஹ்யூ மன்ரோவே எல்லாவற்றையும் ஏறி முடிக்காமல்தான் 1919-இல் இறந்துபோனார். அப்படி என்ன அவசரம்?

பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் குழுவோடு என்னை ஷிஹாலியனுக்கு அழைத்துப்போனார். 1083 மீட்டர். என் வயிறு அப்போது எனக்கு அரை அடி முன்னால் நடந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர் எனக்கும் பின்னால் வந்தார். பாவம், நம்மைவிட முடியாதவர் போலிருக்கிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

எனக்கு இரைக்கத் தொடங்கும்போதெல்லாம் அவர் நின்று ஒரு கதை சொல்வார். 1774-இல் மாஸ்கலின் என்ற அரச வானியலாளர் பூமியை எடைபோட இந்த மலைக்குத்தான் வந்தார் என்பார். நடப்போம். மறுபடி இரைக்கும். மலையின் ஈர்ப்பில் தூக்குநூல் மயிரிழை சாய்கிறதா என்று நட்சத்திரங்களை வைத்து அளந்தார் என்பார். அடுத்த ஏற்றத்தில், மேகம் விலகாமல் மனிதர் நாள்கணக்கில் கூடாரத்தில் காத்துக்கிடந்த கதை. (நீங்கள் ஒரு ஏரிக்கு வருத்தப்படுகிறீர்கள்.) அதற்கடுத்து, கணக்குப் போட்ட சார்ல்ஸ் ஹட்டன் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடிழுத்துச் சேர்த்தது. உங்கள் கைவரைபடத்தில் இருக்கும் சமஉயரக் கோடுகள்தான். உச்சிக்குக் கீழே ஒரே பாறாங்கற்கள், கால் வைக்க இடம் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் கதை கிடையாது.

மேலே போனால் எல்லோரும் சாண்ட்விச் தின்று முடித்துப் பையை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து எனக்கொரு தேநீர் ஊற்றினார். "நாங்கள் இப்போதுதான் வந்தோம்" என்றார் குழுத்தலைவரிடம், தலையைத் தூக்காமல். தலைவர் ஒரு கணம் நின்றார். பிறகு பையை இறக்கி வைத்தார். கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அன்றைக்கு அவருடைய பொறுப்பு என்று நண்பர் அப்புறம் சொன்னார்.

சரி, உங்கள் கேள்வி. தனியாகவும் போங்கள் தம்பி, யார் தடுத்தது? எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விசிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும். குழுவோடு போவதானால் கிளம்புமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள், இன்றைக்குக் கடைசியில் வரப்போவது யார் என்று. பதிலுக்கு விழித்தார்கள் என்றால் வேறு குழுவைப் பாருங்கள்.

ஷிஹாலியனில் இறங்கும்போது எனக்கு முழங்கால் விண்ணென்று வலிக்க ஆரம்பித்தது. அளவை முடிந்த கொண்டாட்டத்தில் குடிசை தீப்பிடித்து, ஒரு பையனின் வயலின் எரிந்துபோய், மாஸ்கலின் அவனுக்குப் புதிதாக ஒன்று அனுப்பிவைத்த கதை பெரியவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.