வாசகர் கேள்விகள்: சேராத கல்லூரி மேல் ஒரு வழக்கு

கே: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல், தனக்கு இடம் தராத சட்டக் கல்லூரி மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தாராமே, நிஜமா?

ப: பாதி நிஜம். அவர் பிறந்து வளர்ந்த பால்டிமோரிலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பர்களுக்கு அங்கே கதவு திறக்காது என்று தெரிந்ததால் அவர் விண்ணப்பமே போடவில்லை. வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் ரயிலில் போய்வந்து படித்தார். மோதிரங்களை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர் பள்ளி ஆசிரியையான அவருடைய அம்மா. 1933-இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறி வெளியே வந்தபோது பெரும் பொருளாதார மந்தம், வழக்கோடு அவரிடம் வருகிறவர்கள் பலரிடம் கொடுக்கக் காசில்லை.

1935-இல் டொனால்ட் முர்ரே என்ற இளைஞரை அதே மேரிலாண்ட் கல்லூரி நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்ப, மார்ஷலும் அவருடைய ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனும் கோர்ட்டுக்குப் போனார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த வாதம்தான். கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம், ஆனால் வசதிகள் சமமாக இருக்க வேண்டும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அதை எதிர்த்து நேராக மோதாமல், சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், இந்த மாநிலத்தில் கறுப்பர்களுக்கான சட்டக் கல்லூரி எங்கே என்று கேட்டார்கள். ஒன்றுகூட இல்லை! முர்ரேயைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது, 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று மார்ஷல், பள்ளிக்கூடங்களில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பிரித்து வைத்ததை எதிர்த்த வழக்கில் வாதிட்டு ஜெயித்தது அதற்கெல்லாம் அப்புறம், 1954-இல்.

கே: சின்ன வயதிலேயே சட்டத்தில் ஆர்வமா?

ப: அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். ரயிலில் பரிமாறும் வேலை பார்த்தவர், நேரம் கிடைத்தால் கோர்ட்டில் உட்கார்ந்து விசாரணையைக் கேட்பார், வீட்டில் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் ‘நிரூபி’ என்பார். மார்ஷல் பள்ளியில் சரியான வாலு. தண்டனையாக அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்கச் சொல்வார்களாம், படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். அப்புறம் 1967-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 24 வருடம் அதே சட்டத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்.