தோற்பதற்கு ஓர் அண்ணன்

அன்புள்ள ஐயா,

லக்‌ஷ்யா சென் என்ற பேட்மிண்டன் வீரரைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். தாத்தா ஆட்டக்காரர், அப்பா பயிற்சியாளர், அண்ணன் தேசிய சாம்பியன். அந்த வீட்டில் பிறந்தால் ஆட்டம் வராமல் என்ன செய்யும் என்று என் மனைவி கேட்கிறார். எங்கள் வீட்டில் யாரும் எந்த விளையாட்டும் ஆடியதில்லை, எனக்கு ஜவுளி வியாபாரம். மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக ஷட்டில் ஆடுகிறாள், மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை வந்தாள். பெங்களூருக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். ரத்தத்தில் இல்லாததைப் பணம் கொடுத்து வரவழைக்க முடியுமா? முடியும் என்றால் வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. உத்தராகண்டின் அல்மோராவில் பேட்மிண்டன் வேர்பிடித்ததே தாத்தா சி.எல். சென்னால்தான். அப்பா டி.கே. சென் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளராக அங்கேயே இருந்தார். 2001இல் பிறந்த லக்‌ஷ்யாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கோர்ட் திறந்தே கிடந்தது. ஆனால் 2021 உலக சாம்பியன்ஷிப்பில், ஸ்பெயினின் ஹூயெல்வாவில், அவரை அரையிறுதியில் 17-21, 21-14, 21-17 என்று வீழ்த்தியவர் கிடாம்பி ஸ்ரீகாந்த். அவருடைய அப்பா ஆந்திராவில் நிலபுலன் பார்ப்பவர். ரத்தக் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

இந்த இருவருக்கும் பொதுவாக இருந்தது அண்ணன். லக்‌ஷ்யாவுக்கு மூன்று வயது மூத்த சிராக் சென், 2023இல் தேசிய சாம்பியன் ஆனவர். ஸ்ரீகாந்துக்கு நந்தகோபால், இரட்டையர் ஆட்டக்காரர். ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கோபிசந்தும் அண்ணனோடு சேர்ந்து ஆடத் தொடங்கியவர்தான். பரம்பரை பற்றி எழுதுகிறவர்கள் அப்பாவையே பார்க்கிறார்கள். தன்னைவிட ஒரு படி மேலே இருக்கும் ஒருவரிடம் தினமும் தோற்க முடிவது, அப்பா தரும் எதையும்விடப் பெரிய வசதி என்று நினைக்கிறேன்.

ஒரு படி என்பது முக்கியம். எப்போதும் 21-5 என்று தோற்றால் குழந்தை ஓடுவதையே நிறுத்திவிடும். எப்போதும் ஜெயித்தால் வேலை செய்கிற நாலு ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும். 21-14, 21-17 என்று குழந்தை யாரிடம் தோற்கிறதோ, அந்த ஆள்தான் சரி. உங்கள் மகளுக்கு அக்கா இல்லையென்றால் அதே கோர்ட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடியுங்கள். அவள் வீட்டாரிடம் பேசி வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் சேர்ந்து ஆட வையுங்கள். இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் விதியை மாற்றுங்கள். மூத்தவள் ஒற்றையர் கோர்ட் முழுவதையும் காக்கவேண்டும், 5.18 மீட்டர் அகலம். உங்கள் மகள் தன் பக்கத்தில் பாதியை, 2.59 மீட்டரை மட்டும் காத்தால் போதும். மூத்தவள் ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி, அடிக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. மூத்தவளுக்கும் இதில் லாபம் உண்டு: பாதி கோர்ட்டுக்குள்ளேயே ஷட்டிலை இறக்கவேண்டும் என்பதால் அவள் குறி கூர்மையாகும். இதைச் சொன்னால் அவள் அம்மாவும் ஒத்துக்கொள்வார்.

விளையாட்டுக் குடும்பம் தரும் இரண்டாவது வசதி, தவறு பழக்கமாவதற்குள் பார்த்துவிடும் கண். இதை நீங்கள் கற்றுக்கொள்ளலாம். ராக்கெட் தொடவே வேண்டாம், மூன்று இடங்களைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பிடி. குழந்தைகளில் பெரும்பாலோர் தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல, ராக்கெட் முகம் தட்டையாக எதிராளியைப் பார்க்கும்படி பிடிப்பார்கள். தலைக்கு மேலே வரும் ஷட்டிலை அடிக்க அது சுலபம், அதனால்தான் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிடியில் முன்கை சுழலாது. வேகம் முழுவதும் தோளிலிருந்து வரவேண்டியிருக்கும், புறங்கைப் பக்கமாக அடிக்கும் பேக்ஹேண்ட் வரவே வராது. பத்து வயதில் இது தெரியாது, பதினான்கில் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ராக்கெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதனோடு கைகுலுக்குவதுபோலப் பிடிக்கவேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ‘V’ வடிவில் கைப்பிடியின் மேல் விளிம்பைப் பார்க்கும். அடிக்கும் கணத்தில் மட்டுமே இறுக்கம், மற்ற நேரம் தளர்வு.

இரண்டாவது, எதிராளி அடிக்கும் நொடியில் மகளின் கால்கள். அந்த நொடியில் இரண்டு காலும் தோள் அகலத்துக்கு விரிந்து, சின்னத் துள்ளலோடு தரையில் இறங்கவேண்டும். இதை ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். தாமதமாக இறங்கினால் முதல் அடி தாமதமாகும், நெட் அருகே விழும் டிராப் கைக்கு எட்டாது. பார்ப்பவர்களுக்கு ‘பொண்ணு மெதுவா ஓடுது’ என்று தோன்றும். ஓட்டத்தில் குறையே இருக்காது. மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, நெட்டுக்குப் பாயும் கடைசி அடி. குதிகால் முதலில் தொடவேண்டும், கால்விரல்கள் பாயும் திசையைப் பார்க்கவேண்டும், முழங்கால் உள்பக்கம் மடியக்கூடாது. உள்பக்கம் மடிகிற முழங்கால்தான் பின்னாளில் வலி தரும். பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்திலோ குதிகாலின் பின்புறத்திலோ வலி என்று சொன்னால் ‘விளையாடினால் வலிக்கத்தான் செய்யும்’ என்று தள்ளிவிடாதீர்கள். எலும்பு வளரும் இடம் அது. குதிப்பதைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிமென்ட் தரையில் மேட் மட்டும் விரித்த கோர்ட்டில் இந்த வலி சீக்கிரம் வரும், மரத்தளத்தின் மேல் மேட் இருந்தால் நல்லது. ஓட்டப் பயிற்சிக்கான ஷூ வேண்டவே வேண்டாம். அதன் குதி உயரம், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். தட்டையான, ரப்பர் அடியுள்ள கோர்ட் ஷூ வாங்குங்கள்.

ராக்கெட்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒன்பது வயதுக்கு 4U (80-84 கிராம்) அல்லது 5U (75-79 கிராம்), வளைந்துகொடுக்கும் தண்டு, 18 முதல் 20 பவுண்டு இழுவிசையில் கட்டிய ஸ்ட்ரிங். பெரியவர்கள் போடும் 27, 28 பவுண்டில் சரியாக அடிபடும் பரப்பு சுருங்கிவிடும். தப்பாகப் பட்ட ஒவ்வொரு அடியும் முழங்கைக்குப் போகும்.

செலவு உண்மையில் ஷட்டிலில்தான். நைலானில் மட்டும் ஆடிப் பழகிய குழந்தைக்கு இறகு ஷட்டில் வேறு மாதிரி விழும், போட்டியில் திணறும். ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டில் போட, குழந்தை அடித்துப் பழகும் மல்டி ஷட்டில் பயிற்சிக்குப் புதியது தேவையில்லை, போட்டியில் அடித்து ஓய்ந்தவற்றைச் சேர்த்து வைத்தாலே போதும். இருபது ஷட்டில் ஒரு செட், ஒரு மூலைக்கு மூன்று செட். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, போடுகிறவர் அவசரப்படுவது. குழந்தை நடுவுக்குத் திரும்பி ஸ்பிளிட் செய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அப்படியானால் அறுபது முறையும் தவறைத்தான் பழகுகிறாள். குறைவாகப் போடச் சொல்லுங்கள்.

வேகம் பார்த்து வாங்குவதும் ஒரு வேலை. 75, 76, 77 என்று எண் கூடக் கூட ஷட்டில் வேகமாகப் போகும். சூடான காற்றிலும் உயரமான ஊரிலும் அது தானாகவே தூரம் போகும். அல்மோரா 1600 மீட்டர் உயரம், அங்கே வளர்ந்தவருக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும். ஈரோட்டு வெயிலில் 76ஐ வைத்துத் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். பெரியவர் ஒருவர் பின்கோட்டிலிருந்து கையைக் கீழிருந்து வீசி, மேல்நோக்கி முழு வேகத்தில் அடிக்கட்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழுந்தால் சரி. கோட்டைத் தாண்டினால் குழந்தை அடி எடுக்கவே பயந்து, டிராப்பாகப் போட்டுத் தப்பிக்கப் பழகிவிடும். இறகுகள் சீக்கிரம் உடைந்தால், ஆடுவதற்கு முந்தின இரவு டியூபின் வாயைச் சில நொடிகள் நீராவியில் காட்டி மூடிவையுங்கள். கார்க்கில் மட்டும் ஈரம் படக்கூடாது.

போட்டி நாளில் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், சத்தம் போடாமல் குறித்துக்கொள்வது. காகிதத்தில் கோர்ட்டின் ஒரு பாதியை வரைந்து ஆறாகப் பிரியுங்கள்: முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. மகள் இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும், கடைசி ஷட்டில் அவள் பக்கத்தில் எந்தக் கட்டத்துக்கு வந்ததோ அங்கே புள்ளி வையுங்கள். எதிராளி அடித்து ஜெயித்ததா, இவள் வெளியே அடித்ததா என்பதற்கு வேறு வேறு குறி. ஐந்து ஆட்டம் குறித்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பின்னால் பேக்ஹேண்ட் மூலையாக இருக்கும். காகிதத்தைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

முன்னிலையில் இருந்து தோற்பதைப் பார்த்து நீங்கள் பதறுவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஆசிய ஜூனியர் இறுதியில் தாய்லாந்தின் குன்லாவுட்டை வென்று, 53 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்கள் பிரிவில் இந்தியாவுக்குப் பட்டம் கொண்டுவந்தவர் லக்‌ஷ்யா. இருபது வயதில் ஆல் இங்கிலாந்து இறுதி ஆடினார், அதே 2022இல் ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார், காமன்வெல்த் தங்கமும் வென்றார். அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் டென்மார்க்கின் ஆக்செல்செனிடம் முதல் கேமில் 20-17, இரண்டாவதில் 7-0 என்று முன்னால் இருந்து 20-22, 14-21 என்று தோற்றார். மூன்று தலைமுறை ஆட்டமும் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

இனி பெங்களூரு. லக்‌ஷ்யா பிரகாஷ் படுகோன் அகாடமிக்குப் போனது ஏறக்குறைய உங்கள் மகளின் வயதில்தான். ஆனால் முதலில் தேர்வானவர் சிராக், அண்ணன் இருக்கும் இடத்துக்குத்தான் தம்பி போனார். பின்னாளில் அப்பாவும் வேலையை விட்டு அங்கேயே பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தை தனியாக விடுதிக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போக முடியாதென்றால் இப்போது அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பிரிவில் மாநில அளவில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

அதுவரை ஈரோட்டிலோ கோவையிலோ அகாடமி மாற்றுவதானால், சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்காமல் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு கோர்ட்டுக்கு எத்தனை குழந்தைகள்? நான்கைந்து என்றால் நல்லது. பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றால், ஒரு மணி நேரத்தில் உங்கள் மகள் கோர்ட்டில் இருப்பது ஐந்து நிமிடம், மீதி நேரம் பேச்சு. பெரிய பிள்ளைகளும் சின்னவர்களும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்களா, வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். பிரித்துவிட்டால் அவளுக்கு அங்கே அக்கா கிடைக்கமாட்டாள், வேறு இடம் பாருங்கள்.